செங்கல்லா, உளிச்சில்லா?

காண்ட்ரூல் என்பது விண்கற்களுக்குள் பதிந்திருக்கும் சிறு கல்லுருண்டை. பெரும்பாலானவற்றின் குறுக்களவு 0.1 மில்லிமீட்டரிலிருந்து 2 மில்லிமீட்டர் வரை. இவை ஒருகாலத்தில் உருகிய துளிகளாக விண்வெளியில் மிதந்தன. எந்தத் தரையிலும் படியாமல், மிதந்தபடியே உறைந்தன. இதுவரை ஆய்வாளர்களிடையே பெரிய பிணக்கு இல்லை. அவற்றை உருக்கியது எது என்ற இடத்தில்தான் கருத்துகள் பிரிகின்றன. இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கண்ணால் பார்க்கப்பட்டு, ஒன்றரை நூற்றாண்டாக நுண்ணோக்கியின் கீழ் ஆராயப்பட்டு, உள்ளிருக்கும் அணுக்கள்கூட வகைபிரித்து எண்ணப்பட்ட பிறகும் நிலைமை இதுவே. இவ்வளவு தாராளமாகக் கையில் கிடைக்கும் ஒரு பொருளின் பிறப்பு இவ்வளவு பிடிகொடுக்காமல் இருப்பது அறிவியலில் அரிது.

தாராளம் என்ற சொல் இங்கே மிகையல்ல. பூமியில் விழக் கண்டு எடுக்கப்படும் விண்கற்களில் நூற்றுக்கு 85க்கும் மேற்பட்டவை காண்ட்ரைட் என்னும் வகுப்பைச் சேர்ந்தவை. அவற்றில் பெரும்பான்மையான சாதாரணக் காண்ட்ரைட்டுகளில் கல்லின் கன அளவில் 60 முதல் 80 விழுக்காடு வரை காண்ட்ரூல்களே நிறைந்துள்ளன. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலுள்ள குறுங்கோள் பட்டையின் பல பகுதிகளிலிருந்து இந்தக் கற்கள் வருகின்றன. ஆகவே காண்ட்ரூல்களின் தோற்றம் எங்கோ ஒரு மூலையில் எப்போதோ நடந்த விபத்தாக இருக்க முடியாது. இளம் சூரியனைச் சுற்றியிருந்த வாயுத் தட்டின் உட்பகுதியில் திடப்பொருளின் கணிசமான பங்கு ஒருமுறையாவது உருகி உறைந்திருக்கிறது. இதை விளக்காத எந்தக் கோள் உருவாக்கக் கொள்கையும் குறைபட்ட கொள்கைதான்.

காண்ட்ரைட்டுகளை ஆதிக்கற்கள் என்று அழைப்பதற்குக் காரணம் உண்டு. ஹைட்ரஜன், ஹீலியம் போன்ற வாயுக்களை ஒதுக்கிவிட்டால், இவற்றின் தனிம விகிதங்கள் சூரியனின் விகிதங்களை நெருங்கி நிற்கின்றன. பூமியைப் போல முழுமையாக உருகி, இரும்பு அடியிலும் பாறை மேலுமாகப் பிரிந்த வரலாறு இவற்றுக்கு இல்லை. ஆனால் இங்கே ஒரு முரண் இருக்கிறது. கல் முழுமையாக ஒருபோதும் உருகவில்லை. அதன் உறுப்புகளில் பெரும்பாலானவை தனித்தனியே உருகியிருக்கின்றன. காண்ட்ரூல்களுக்கு இடையே நிரம்பியிருக்கும் நுண்பொடியில் நானோ வைரங்களும் சிலிக்கன் கார்பைடு துகள்களும் கிடைக்கின்றன. சூரியன் பிறப்பதற்கு முன்பே மடிந்த விண்மீன்களிலிருந்து வந்த துகள்கள் அவை. காண்ட்ரூல் கண்ட வெப்பம் அவற்றைத் தொட்டிருந்தால் இன்று எஞ்சியிரா. 1,500 டிகிரிக்கு மேல் காய்ந்த பொருளும் அந்தச் சூட்டையே அறியாத பொருளும் ஒரே கல்லில், ஒரு மயிரிழை இடைவெளிகூட இல்லாமல் அண்டைவீட்டாராக இருக்கின்றன.

இந்த உருண்டைகள் அறிவியல் பதிவேட்டில் ஏறியது ஓர் இந்திய விண்கல்லின் வழியாகத்தான். 1798 டிசம்பரில் காசிக்கு அருகே கற்கள் வானிலிருந்து விழுந்தன. அவற்றில் சில லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தன. வேதியியலாளர் எட்வர்ட் ஹோவர்ட் அவற்றைப் பகுத்தாய்ந்தார். பிரெஞ்சுப் புரட்சியால் நாடு நீங்கி லண்டனில் வாழ்ந்த கனிமவியலாளர் ழாக் லூயி தெ பூர்னோன் அவற்றின் உடலமைப்பை விவரித்தார். 1802இல் ராயல் கழகத்தின் இதழில் வெளிவந்த அந்தக் கட்டுரை, கற்களிலுள்ள இரும்பில் நிக்கல் இருப்பதைக் காட்டியது. கூடவே, கல்லுக்குள் விசித்திரமான உருண்டைகள் இருப்பதையும் பதிவுசெய்தது. கற்கள் வானிலிருந்து விழும் என்பதையே கற்றவர்கள் பலர் நம்பத் தயங்கிய காலம் அது. காசிக் கல்லை ஐரோப்பியக் கற்களோடு ஒப்பிட்ட பிறகு அந்தத் தயக்கம் தளர்ந்தது.

1864இல் பெர்லினின் குஸ்தாவ் ரோசே இந்தக் கற்களுக்குக் காண்ட்ரைட் என்று பெயரிட்டு ஒரு வகுப்பாக நிறுத்தினார். உருண்டைகளின் பிறப்பைப் பற்றிய ஊகங்கள் அப்போதே தொடங்கிவிட்டன. கற்துண்டுகள் ஒன்றோடொன்று உராய்ந்து தேய்ந்து உருண்டையாயின என்றார்கள் சிலர். எரிமலை வெடிப்பில் அதன் மூலத்தைத் தேடினார்கள் வேறு சிலர். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹென்றி கிளிஃப்டன் சோர்பி வேறொரு வழியில் சென்றார். பாறையை ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய சீவலாக்கி நுண்ணோக்கியில் பார்க்கும் முறையை வளர்த்தெடுத்தவர் அவர். அந்த முறையை விண்கல்லுக்கும் பொருத்தினார். உருண்டைகளுக்குள் கண்ணாடியும், கண்ணாடிக்குள் வளர்ந்த படிகங்களும் தெரிந்தன. தேய்ந்து உருண்ட கல்லில் படிகங்கள் விளிம்பில் அறுபட்டிருக்க வேண்டும். இங்கே பல உருண்டைகளில் படிகங்கள் விளிம்புக்கு இசைந்து உள்நோக்கி வளர்ந்திருந்தன. உருண்டை வடிவம் முதலில் வந்தது, படிகம் பிறகு வந்தது என்பது இதன் பொருள். 1877இல் அவர் வெளியிட்ட முடிவு, இவை நெருப்பு மழையின் துளிகளைப் போன்றவை என்பது. சூரியனுக்கு அருகிலோ, சூரியனின் வெப்பச் சூழல் இன்றையதைவிட அகன்று பரவியிருந்த ஒரு காலத்திலோ அந்த மழை பெய்திருக்கலாம் என்று அவர் கருதினார். மழை பெய்தது என்ற பகுதி நிலைத்துவிட்டது. எங்கே, எதனால் என்ற பகுதிதான் இன்றுவரை வழக்கில் இருக்கிறது.

சோர்பிக்குப் பின் வந்தவர்கள் அந்தத் துளிகளின் உள்ளமைப்பை வகைப்படுத்தினார்கள். காண்ட்ரூலின் முக்கியக் கனிமங்கள் ஒலிவின், பைராக்சின் என்னும் இரண்டு சிலிக்கேட்டுகள். இடையிடையே கண்ணாடி, இரும்பு நிக்கல் உலோகம், இரும்பு சல்ஃபைடு. சாதாரணக் காண்ட்ரைட்டுகளில் ஐந்தில் நான்குக்கும் மேற்பட்ட காண்ட்ரூல்கள் கண்ணாடிப் பின்னணியில் பல பெரிய படிகங்கள் நிற்கும் அமைப்பு கொண்டவை. மீதமுள்ளவற்றில் சிலவற்றில் ஒலிவின் இணையான பட்டைகளாக அடுக்கப்பட்டிருக்கும். வேறு சிலவற்றில் விளிம்பிலுள்ள ஒரு புள்ளியிலிருந்து பைராக்சின் ஊசிகள் விசிறியாக விரிந்திருக்கும்.

இந்த வேறுபாடுகள் அழகுக்கு அப்பால் ஒரு தகவலைத் தாங்கியிருக்கின்றன. உருகிய துளியில் உருகாத சிறு வித்துகள் சில எஞ்சியிருந்தால், அவை ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு படிகம் வளரும். வித்துகள் முற்றிலும் அழிந்துவிட்டால் துளி தன் உறைநிலைக்குக் கீழே குளிர்ந்தும் திரவமாகவே காத்திருக்கும். பிறகு எங்கோ ஒரு புள்ளியில் படிகமாதல் தொடங்கி, பட்டையாகவோ விசிறியாகவோ ஒரே வீச்சில் பாயும். ஆகவே பெரும்பாலான காண்ட்ரூல்களைச் சுட்ட வெப்பம், முழுமையாக உருக்குவதற்குச் சற்று முன்னதாகவே நின்றிருக்கிறது. உச்ச வெப்பநிலை பெரும்பாலும் 1,500 முதல் 1,800 டிகிரி செல்சியஸ் வரை. கட்டற்ற வெப்பமாக இருந்தால் இப்படி எல்லை பார்த்து நின்றிருக்காது.

1970களிலிருந்து ஆய்வகங்களில் இதே கலவையை உருக்கித் துளியாகத் தொங்கவிட்டு, வெவ்வேறு வேகத்தில் குளிரவைத்துப் பார்த்திருக்கிறார்கள். நாசாவின் கேரி லாஃப்கிரென் போன்றவர்களின் உலைகளில் விண்கல்லில் காணும் அமைப்புகள் ஒவ்வொன்றாகத் திரும்ப உருவாயின. மணிக்கு 10 டிகிரியிலிருந்து 1,000 டிகிரி வரையான வேகத்தில் குளிர்ந்தால் பெரும்படிக அமைப்பு கிடைக்கிறது. பட்டை அமைப்புகளுக்கு இதைவிட வேகமான குளிர்வும் தேவைப்படலாம். எப்படிப் பார்த்தாலும் ஒரு காண்ட்ரூல் உறைய எடுத்துக்கொண்ட நேரம் சில மணியிலிருந்து சில நாள் வரைதான்.

இந்த எண் சாதாரணமாகத் தோன்றலாம். பிரச்சினையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் துளி வெற்றிடத்தில் தனியே மிதந்தால் தன் வெப்பத்தை ஒளியாக வீசி, ஒரே நொடியில் நூற்றுக்கணக்கான டிகிரி இறங்கிவிடும். சில மணி நேரம் தாக்குப்பிடிக்க வேண்டுமென்றால் அதைச் சுற்றிலும் வெப்பமான வாயுவோ, ஒன்றுக்கொன்று வெப்பத்தைத் திருப்பிக் கொடுக்கும் பல கோடித் துளிகளோ இருந்தாக வேண்டும். எதிர்த்திசையில் போய், அந்த வாயுத் தட்டான சூரிய முகில் முழுவதுமே சூடாக இருந்தது என்று வைத்துக்கொண்டால், அது குளிர ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும். மணிக்கணக்கான நேரம் என்பது தனித் துளிக்கு மிகப் பெரியது. முழு முகிலுக்கு மிகச் சிறியது. இடைப்பட்ட ஏதோ ஓர் அளவில், ஏதோ ஒரு வட்டாரத்தில், குறுகிய நேரம் மட்டும் நீடித்த நிகழ்வு ஒன்று தேவைப்படுகிறது.

வேதியியல் இந்தத் தேவையை மேலும் இறுக்குகிறது. சில காண்ட்ரூல்களின் உள்ளே இருக்கும் இரும்பு சல்ஃபைடு, உருகுவதற்கு முன்பே அங்கு இருந்த கந்தகத்திலிருந்து வந்தது. முகிலின் தாழ்ந்த அழுத்தத்தில் கந்தகம் ஏறக்குறைய 400 டிகிரிக்கு மேல் திடப்பொருளில் தங்காது. எனவே மூலப்பொருள் அதற்கு முன் குளிர்ந்திருக்க வேண்டும். பிறகு கந்தகம் தப்பிப்பதற்குள் மளமளவென்று சூடேறியிருக்க வேண்டும். பொட்டாசியம் இன்னொரு சாட்சி. உருகிய துளியிலிருந்து பொட்டாசியம் வெற்றிடத்துக்குள் ஆவியானால் இலகுவான ஐசோடோப்பு முந்திக்கொண்டு வெளியேறும். எஞ்சியதில் கனமானது மிகும். காண்ட்ரூல்களில் அத்தகைய சாய்வு ஏறக்குறைய இல்லை. துளியைச் சூழ்ந்து அதே தனிமத்தின் ஆவி நிறைந்திருந்தது, வெளியேறிய அணுக்களுக்கு ஈடாக அணுக்கள் திரும்பிக்கொண்டிருந்தன என்பதுதான் இயல்பான விளக்கம்.

ஜெஃப்ரி கஸ்ஸியும் கானல் அலெக்சாண்டரும் 2006இல் இதைக் கணக்காக்கினார்கள். ஆவி சிதறிப் போகாதிருக்க, துளிகள் நெருக்கமாகத் திரண்ட பகுதியின் அகலம் குறைந்தது நூற்றுக்கணக்கான கிலோமீட்டராக இருந்திருக்க வேண்டும். 2008இல் அலெக்சாண்டரும் உடனாய்வாளர்களும் ஒலிவின் படிகங்களில் சோடியத்தை அளந்தார்கள். எளிதில் ஆவியாகும் அந்தத் தனிமம், படிகம் வளரத் தொடங்கிய சூடான கட்டத்திலேயே துளியில் இருந்திருக்கிறது. அதைத் தக்கவைக்க ஒரு கன மீட்டரில் 10 கிராமுக்குக் குறையாத திடப்பொருள் மிதந்திருக்க வேண்டும். சூரிய முகிலுக்கு வழக்கமாகக் கணிக்கப்படும் தூசியடர்த்தியைவிட இது லட்சக்கணக்கான மடங்கு அதிகம். அவ்வளவு நெருக்கமான கூட்டம் தன் ஈர்ப்பாலேயே சரிந்து ஓர் உடலாகும் நிலையில் இருந்திருக்கும்.

சூடேறியது ஒரே ஒரு முறையும் அல்ல. பல காண்ட்ரூல்களில் சுற்றியுள்ள உருகலோடு பொருந்தாத ஒலிவின் துணுக்குகள் உள்ளன. முந்தைய தலைமுறைக் காண்ட்ரூல் உடைந்து, அதன் துண்டு புதிய துளிக்குள் மாட்டிக்கொண்டு உருகாமல் பிழைத்ததன் அடையாளங்கள் அவை. சில உருண்டைகளைச் சுற்றி இன்னொரு உருகிய உறை படிந்திருக்கிறது. நூற்றுக்குச் சில உருண்டைகள் இளகிய நிலையில் மோதி ஒட்டிக்கொண்ட இரட்டையர். உருகுதல், உறைதல், உடைதல், தூசி படிதல், மீண்டும் உருகுதல் என்ற சுழற்சி அந்தத் தட்டில் அன்றாட வழக்காக இருந்திருக்கிறது.

இதெல்லாம் எப்போது நடந்தது என்பதைக் கதிரியக்கக் கடிகாரங்கள் சொல்கின்றன. காண்ட்ரைட்டுகளில் காண்ட்ரூல்களோடு கால்சியமும் அலுமினியமும் செறிந்த வெண்ணிறக் கட்டிகளும் கிடைக்கின்றன. 1969 பிப்ரவரி 8 அன்று மெக்சிகோவில் விழுந்த அயெந்தே விண்கல்லில் இவை ஏராளம். யுரேனியம் ஈயமாக மாறும் அளவை வைத்துப் பார்த்தால் இவற்றின் வயது 456.73 கோடி ஆண்டுகள். சூரியக் குடும்பத்திலேயே உருவாகித் தேதியிடப்பட்ட திடப்பொருள்களில் இவையே மூத்தவை. இவற்றின் பிறப்பே காலத்தின் தொடக்கப்புள்ளியாகக் கொள்ளப்படுகிறது. ஏறக்குறைய 7 லட்சம் ஆண்டு அரைஆயுள் கொண்ட அலுமினியம்-26 இரண்டாவது கடிகாரம். அது இன்று முழுவதும் சிதைந்துபோய்விட்டது. அது விட்டுச்சென்ற மெக்னீசியம்-26 எஞ்சியிருக்கிறது. 1976இல் ஜெரால்ட் வாஸர்பர்க்கின் குழு அயெந்தே கல்லில் அதன் தடயத்தை உறுதிசெய்தது.

இரண்டு கடிகாரங்களும் ஒத்துப்போயிருந்தால் எளிதாக இருந்திருக்கும். அலுமினியக் கடிகாரப்படி பெரும்பாலான காண்ட்ரூல்கள் வெண்கட்டிகளுக்குப் பிறகு 20 லட்சம் ஆண்டுகளை ஒட்டியும் அதற்குப் பின்னும் உருவானவை. ஈயக் கடிகாரத்தை வைத்துத் தனித்தனிக் காண்ட்ரூல்களை அளந்த கோபன்ஹேகன் குழுவின் கணக்கில் பல காண்ட்ரூல்கள் முதல் 10 லட்சம் ஆண்டுகளுக்குள்ளேயே வந்துவிடுகின்றன. அலுமினியம்-26 தட்டு முழுவதும் சமமாகக் கலந்திருக்கவில்லை என்பது ஒரு தரப்பு. ஈயத்தின் அளவீடுகளைப் பிற்காலக் கலப்பு குழப்பியிருக்கிறது என்பது மறுதரப்பு. இந்தப் பிணக்கு வெறும் தேதிச் சண்டை அல்ல. முதல் தேதி சரியென்றால் அப்போது பெரிய உடல்கள் தட்டில் நிறைந்திருந்தன. இரண்டாவது சரியென்றால், தூசியே பெரும்பான்மையாக இருந்தபோதே மழை தொடங்கிவிட்டது.

காரணங்களாக முன்வைக்கப்பட்டவை பல. 1966இல் ஃப்ரெட் விப்பிள் மின்னலைச் சொன்னார். தூசியும் வாயுவும் உராயும் இடத்தில் மின்னேற்றம் பிரிந்து பாயும் என்பது இயல்பான எண்ணம்தான். ஆனால் மின்னலின் வாய்க்கால் குறுகியது, அது அணைந்ததும் துளி நொடிகளில் உறைந்துவிடும். மணிக்கணக்கான குளிர்வுக்கு அதில் இடமில்லை. 1996இல் ஃப்ராங்க் ஷூவும் உடனாய்வாளர்களும், தட்டின் உள்விளிம்பில் சூரியனுக்கு மிக அருகே தூசி உருகி, காந்தப்புலம் செலுத்திய காற்றில் தூக்கியெறியப்பட்டு, குறுங்கோள் பட்டை வரை வந்து விழுந்தது என்றார்கள். சோர்பியின் ஊகம் நவீன உடையில் திரும்பிவந்ததுபோல இருந்தது அது. தூக்கியெறியப்பட்ட துளிகள் அத்தனை நெருக்கமாக இருந்திருக்க முடியுமா, கந்தகம் தங்கும் அளவுக்குக் குளிர்ந்த தூசி அங்கே ஏது என்ற கேள்விகளுக்கு அது சரியாக விடை தரவில்லை.

அதிர்ச்சி அலைக் கொள்கை நீண்ட காலம் முன்னணியில் இருந்தது. தட்டின் வாயுவில் நொடிக்கு 7, 8 கிலோமீட்டர் வேகத்தில் ஓர் அதிர்ச்சி முகப்பு பாய்ந்தால், வாயு சட்டென்று வேகம் மாறும். துகள்கள் உடனே மாறாது. அந்த வேக வேறுபாடு உராய்வாகி நிமிடங்களுக்குள் துகளை உருக்கும். முகப்புக்குப் பின்னால் சூடான வாயு நீண்ட தூரம் பரவியிருப்பதால் குளிர்வும் மணிக்கணக்கில் நிகழும். லோன் ஹுட், மிஹாய் ஹோரானி 1991இலும், ஸ்டீவ் டெஷ், ஹெரால்ட் கானலி 2002இலும் வெளியிட்ட கணக்குகள் உலைச் சோதனைகளின் எண்களுக்கு அருகே வந்தன. அலையை எழுப்பியது யார் என்பது மட்டும் தொங்கலில் நின்றது. தட்டின் ஈர்ப்புக் குலைவில் எழுந்த சுருள் கைகளா, சாய்ந்த பாதையில் வாயுவைக் கிழித்துச் சென்ற, இன்னும் வளர்ந்து முடியாத கோளான ஒரு கோள்கருவா? முதலாவது தொடக்க காலத்துக்குப் பொருந்தும். இரண்டாவதற்கு ஏற்கெனவே வளர்ந்த உடல்கள் வேண்டும்.

இந்தக் கொள்கைகளைச் சலிக்க உதவிய ஒரு கல் இந்தியாவில் விழுந்தது. 1940 அக்டோபர் 26 அன்று மத்தியப் பிரதேசத்தின் செமர்கோனாவில் விழுந்த அந்தக் கல்லின் எடை 691 கிராம். பெரும்பாலான காண்ட்ரைட்டுகள் தாம் தங்கியிருந்த தாய்க்கோளின் உள்வெப்பத்தில் வெந்து, உருண்டைகளின் விளிம்பு மங்கிப்போனவை. அப்படி மாறாதவை மூன்றாம் வகை என்று பிரிக்கப்படுகின்றன. 1857 பிப்ரவரி 28 அன்று மதுரை வட்டாரத்தில் விழுந்து பர்னல்லீ என்ற பெயரில் பதிவான கல்லும், 1895இல் உத்தரப் பிரதேசத்தில் விழுந்த பிஷுன்பூர் கல்லும் அந்த வகையே. செமர்கோனா 3.00 என்ற எண்ணோடு, அந்த வகைக்குள் மாற்றத்தை அளக்கும் அளவுகோலின் தொடக்கத்திலேயே நிற்கிறது.

2014இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ரோஜர் ஃபூவும் உடனாய்வாளர்களும் செமர்கோனாவின் சில காண்ட்ரூல்களைத் தனியே எடுத்து, ஒலிவினுக்குள் புதைந்த நுண் இரும்புத் துகள்களின் காந்தத்தன்மையை அளந்தார்கள். துளி குளிர்ந்தபோது சுற்றியிருந்த காந்தப்புலம் அந்த இரும்பில் உறைந்திருந்தது. அதன் வலிமை 54 மைக்ரோடெஸ்லா, பிழை எல்லை 21. இன்றைய பூமியின் பரப்பில் இருக்கும் புலத்தை ஒத்த அளவு. சூரியனுக்கு மிக அருகே உருகியிருந்தால் புலம் இதைவிட வலிதாக இருந்திருக்கும். காந்தப்புலக் கோடுகள் அறுந்து இணைவதால் எழும் வெப்பத்துக்கும் இது குறைவு. அதிர்ச்சி அலையும் கோள்கருக்களின் மோதலும் இந்தச் சோதனையில் தேறின.

மோதலைக் காரணமாகச் சொல்பவர்கள் இரு வகை. ஏற்கெனவே அலுமினியம்-26 சிதைந்தபோது எழுந்த வெப்பத்தால் உள்ளே உருகிக் கிடந்த உடல்கள் மெதுவாக மோதியபோது உருகல் தெறித்தது என்பது முதல் வகை. அலுமினியம்-26 வளமாக இருந்த முதல் 20 லட்சம் ஆண்டுகளில் உருவான எந்தப் பெரிய உடலும் உருகாமல் தப்பியிருக்காது என்பது இவர்களின் வலுவான வாதம். திடமான உடல்கள் நொடிக்கு 2.5 கிலோமீட்டருக்கு மேல் வேகமாக மோதியபோது, மோதும் புள்ளியிலிருந்து உருகிய பொருள் பீறிட்டுத் துளிகளாகச் சிதறியது என்பது இரண்டாம் வகை. மோதலில் பிறந்த காண்ட்ரூல்கள் உண்டு என்பதற்குச் சான்றும் உள்ளது. 1984இல் நைஜீரியாவில் விழுந்த குஜ்பா விண்கல்லில் உலோகமும் சிலிக்கேட்டும் தனித்தனி உருண்டைகளாக இருக்கின்றன. அவற்றின் வயது 456.25 கோடி ஆண்டுகள். தட்டின் தூசியும் வாயுவும் பெரிதும் கலைந்துபோன பிறகு, ஏறத்தாழ 50 லட்சம் ஆண்டு கழித்து, பெரும் மோதலில் எழுந்த ஆவியும் உருகலும் உறைந்து உருவானவை என்பதில் பரந்த உடன்பாடு இருக்கிறது. ஆனால் குஜ்பா ஒரு சிறு குழுவைச் சேர்ந்தது. அதன் தீர்ப்பை எல்லாக் காண்ட்ரூல்களுக்கும் நீட்ட முடியாது.

இந்த விவாதத்தின் அடியில் இருக்கும் உண்மையான கேள்வி 2015இல் வெளிவந்த இரண்டு ஆய்வுகளை அருகருகே வைத்தால் துலங்குகிறது. ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்டர்ஸ் யோஹான்சென் குழு, முதல் குறுங்கோள்கள் காண்ட்ரூல்களை வாரிச் சேர்த்துக்கொண்டே கோள்கருக்களாக வளர்ந்தன என்று கணித்தது. அதே ஆண்டில் பிராண்டன் ஜான்சன் குழு, வளர்ந்துகொண்டிருந்த கோள்கருக்கள் மோதியபோது சிதறிய துணைப்பொருளே காண்ட்ரூல் என்று கணித்தது. முன்னவருக்குக் காண்ட்ரூல் கட்டடம் எழுப்பிய செங்கல். பின்னவருக்குச் சிலை செதுக்கும்போது தெறித்த உளிச்சில்லு. செங்கல் கட்டடத்துக்கு முன்னால் வருகிறது, சில்லு சிலையோடு கூடவே வருகிறது. ஆகவே தேதிகளைப் பற்றிய பிணக்குக்குப் பின்னால் காரணகாரிய வரிசையைப் பற்றிய பிணக்கு நிற்கிறது.

இரும்பு விண்கற்கள் இந்த வழக்கில் எதிர்பாராத சாட்சிகளாக வந்தன. அவை உருகிப் பிரிந்த உடல்களின் உட்கருக்கள். ஹாஃப்னியம், டங்ஸ்டன் தனிமங்களைக் கொண்டு அளந்தபோது, அந்த உடல்களில் பல வெண்கட்டிகளுக்குப் பின் முதல் 10 லட்சம் ஆண்டுகளை ஒட்டியே உருவாகிவிட்டன என்று தெரிந்தது. ஆதிக்கற்கள் என்று பெயர்பெற்ற காண்ட்ரைட்டுகளின் தாய்க்கோள்கள்தாம் தாமதமாக வந்தவை. அலுமினியம்-26 பெருமளவு தீர்ந்துபோன பிறகு உருவானதால்தான் அவை உருகாமல் தப்பின. மனிதர் கையில் இருக்கும் காண்ட்ரூல்கள் தாமதத்தால் பிழைத்தவை. முன்னதாகவே உருவான காண்ட்ரூல்கள் இருந்திருந்தால், அவற்றைச் சேர்த்துக்கொண்ட உடல்கள் உருகியபோது அவையும் அடையாளமிழந்திருக்கும். அருங்காட்சியகங்களில் இருக்கும் காண்ட்ரூல்களை வைத்து எல்லாக் காண்ட்ரூல்களின் வரலாற்றையும் எழுதுவதில் உள்ள இடர் இது.

பிற இடங்களிலிருந்து வந்த மாதிரிகள் படத்தை விரித்திருக்கின்றன. வைல்ட் 2 வால்வெள்ளியின் துகள்களை ஸ்டார்டஸ்ட் விண்கலம் 2006இல் பூமிக்குக் கொண்டுவந்தது. அவற்றில் காண்ட்ரூல் துணுக்குகளை ஒத்தவை இருந்தன. ஒன்று, மழை வெளிப்புறத்திலும் பெய்திருக்கிறது. அல்லது உட்புறத்தில் உறைந்த துளிகள் வால்வெள்ளிகள் பிறந்த குளிர்வெளி வரை பயணம் செய்திருக்கின்றன. ஹயபுசா 2 கொண்டுவந்த ரியுகு குறுங்கோளின் மண்ணில் காண்ட்ரூல் போன்றவை மிக அரிது, கிடைத்தவையும் 0.03 மில்லிமீட்டருக்கும் சிறியவை. காண்ட்ரைட் குழு ஒவ்வொன்றிலும் காண்ட்ரூலின் சராசரி அளவும் ஆக்சிஜன் ஐசோடோப்பு விகிதமும் தனக்கே உரியதாக இருக்கின்றன. எல்லாம் ஒரே பட்டறையில் உருவாகித் தட்டு முழுவதும் பரவியிருந்தால் இந்தத் தனித்தன்மை அழிந்திருக்கும். பட்டறைகள் பல; ஒவ்வொரு குழுவும் தன் வட்டாரத்துப் பொருளையே பெரிதும் சேர்த்துக்கொண்டிருக்கிறது.

அண்மைய முயற்சிகள் இந்த வட்டாரத்தன்மையைப் பெரிய நிகழ்வுகளோடு கோக்கப் பார்க்கின்றன. 2025இல் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தின் சிரோனோவும் இத்தாலியின் தியேகோ துர்ரீனியும் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். வியாழன் தன் வாயுவைத் திரட்டி வேகமாகப் பெருத்தபோது அதன் ஈர்ப்பு சுற்றியிருந்த கோள்கருக்களின் பாதைகளைக் குலைத்தது. நீர் கலந்த உடல்கள் மோதியபோது நீர் ஆவியாகி விரிந்து, உருகிய பாறையைத் துளிகளாகச் சிதறடித்தது. துளிகளின் அளவும் குளிர்வு வேகமும் விண்கற்களில் காண்பவற்றோடு ஒத்துவருவதாகவும், வியாழனின் பிறப்பு வெண்கட்டிகளுக்கு 18 லட்சம் ஆண்டுக்குப் பின் நிகழ்ந்திருக்கலாம் என்றும் அவர்கள் முடிவுக்கு வந்தார்கள். இந்தக் கணக்கு நிலைத்தால், ஒரு மில்லிமீட்டர் துளி பெருங்கோளின் பிறந்தநாள் குறிப்பாக மாறும். ஈயக் கடிகாரம் காட்டும் மூத்த காண்ட்ரூல்களுக்கு அப்போதும் வேறு விளக்கம் வேண்டும்.

ஒரே காரணத்தைத் தேடும் முயற்சி இவ்வளவு காலம் நீடித்ததற்கு உருண்டை வடிவமே ஒரு பொறுப்பாளி. உருகிய எந்தப் பொருளும் தடையின்றி மிதந்தால் பரப்பு இழுவிசையால் உருண்டையாகும். அதிர்ச்சி அலையில் உருகினாலும், மோதலில் பீறிட்டாலும், ஆவியிலிருந்து ஒடுங்கினாலும் கடைசியில் கிடைக்கும் புறவடிவம் ஒன்றே. வடிவங்களிலேயே தன் காரணத்தைப் பற்றி மிகக் குறைவாகச் சொல்வது கோளம். உருகியது என்பதை அது உரக்கச் சொல்கிறது. உருக்கியவரைப் பற்றி வாய் திறப்பதில்லை. புறத்தோற்றம் ஒன்றாக இருந்ததால் பெயரும் ஒன்றாயிற்று. பெயர் ஒன்றாக இருந்ததால் காரணமும் ஒன்றே என்ற எதிர்பார்ப்பு வேரூன்றியது.

குஜ்பாவின் துளிகள் மோதலில் பிறந்தவை. செமர்கோனாவின் துளிகள் அடர்ந்த தூசிக் கூட்டத்தில், மிதமான காந்தப்புலத்தில், சில மணி நேரத்தில் உறைந்தவை. அயெந்தே வகைக் கற்களில் காண்ட்ரூலும் சுற்றியுள்ள பொடியும் வேதியியலில் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன, ஆகவே இரண்டும் ஒரே இடத்துப் பொருள் என்று ஒரு தரப்பு வாதிடுகிறது. இவற்றை ஒரே வாக்கியத்தில் அடக்க முயன்ற கொள்கைகள் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு சான்றை வெளியே நிறுத்தியே வென்றன. காண்ட்ரூல் எப்படி உருவானது என்று ஒருமையில் கேட்பதைக் கைவிட்டு, எந்தக் குழுவின் காண்ட்ரூல்கள், எந்த நூறாயிரம் ஆண்டுகளில், எந்த நிகழ்வால் உருவாயின என்று பிரித்துக் கேட்பதே இனி பயன் தரும். செங்கல்லும் சில்லும் ஒரே கல்லுக்குள் கலந்து கிடக்க முடியும். அவற்றைப் பிரித்தறியும் வேலை வடிவத்தைப் பார்ப்பதால் முடியாது; ஒவ்வொரு துளியின் வயதையும் ஐசோடோப்புகளையும் தனித்தனியே அளப்பதால்தான் முடியும்.